கணக்கில் சேராத வெள்ளங்கள்

திராட்சைப் பள்ளத்தாக்கைப் பார்க்கப் போகிறவன் சரிவின் மேல்பாதையில்தான் நடப்பான். நானும் அப்படித்தான் நடந்தேன். மேலிருந்து பார்க்கும்போது ஆறு ஒரு கோடு. ஊர்கள் வெறும் கூரைகள். ஜெர்மனியின் ஆர் நதி ஏறக்குறைய 85 கிலோமீட்டர் ஓடி ரைனில் கலக்கும் சிற்றாறு. அதன் கீழ்ப்பகுதியில், அல்டனாரிலிருந்து பாட் போடன்டார்ஃப் வரை, திராட்சைத் தோட்டங்களினூடே 35 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நடைபாதை இருக்கிறது. 2023 அக்டோபரில் ஒருநாள் காலை அல்டனாரில் தொடங்கி, மாலை ஆர்வைலரின் பழைய மதில் வாசலில் நடையை முடித்தேன். அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. ஓர் ஊர் தனக்கு நேர்ந்ததை எழுதி வைத்த பிறகும் அது ஏன் யாருக்கும் அறிவாக ஆகவில்லை?

சரிவு செங்குத்தானது. கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பி, படிபடியாக மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். காலடியில் நொறுங்குவது, நாம் பள்ளிக்கூடத்தில் எழுதிய அதே சிலேட். பகல் வெயிலை வாங்கி இரவில் திருப்பித் தருகிற கல் அது. அதனால்தான் இவ்வளவு வடக்கே சிவப்பு ஒயினுக்கான திராட்சை பழுக்கிறது. அழகு என்று நாம் பார்ப்பது முழுக்கக் கூலியில்லாத உழைப்பு. வியாபாரி வைத்ததே விலை என்றிருந்த காலத்தில், 1868இல், மைஷோஸ் கிராமத்தில் 18 விவசாயிகள் சேர்ந்து ஒரு கூட்டுறவுச் சங்கம் வைத்தார்கள். இன்றும் இயங்குகிற ஒயின் கூட்டுறவுகளில் மிகப் பழையது அதுதான் என்கிறார்கள்.

மைஷோஸைத் தாண்டி ரெஹ் என்ற சிற்றூர். அங்கே பதினெட்டாம் நூற்றாண்டுக் கல்பாலம் ஒன்று இருந்தது. 1910இன் வெள்ளத்தைத் தாங்கிய அந்தப் பாலத்தின் ஒரு பகுதியை 2021 ஜூலையில் ஆறு கொண்டுபோயிற்று. அங்கேதான் நான் முதன்முறையாகப் பாதையை விட்டுக் கீழே இறங்கினேன்.

இந்த ஆற்றின் வெள்ளங்களுக்குச் சரித்திரம் உண்டு. 1804 ஜூலை 21 அன்று வந்த வெள்ளத்தில் 63 பேர் இறந்தார்கள். அப்போது அந்தப் பிரதேசம் நெப்போலியனின் பிரான்ஸுக்கு உட்பட்டிருந்தது. அதிகாரிகள் எண்ணி எழுதிவிட்டார்கள்: அழிந்த வீடுகள் 129, களஞ்சியங்களும் தொழுவங்களும் 162, ஆலைகள் 18. பின்பு 1910 ஜூன் 12-13 இரவில் இன்னொரு வெள்ளம். ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேல்பள்ளத்தாக்கில் ரயில்பாதை போட வெளியூர்களிலிருந்து வந்து, ஆற்றோரக் கொட்டகைகளில் படுத்திருந்த கூலியாட்கள். அதன் பிறகு மலைப்பகுதியில் தண்ணீரைத் தேக்கி நிறுத்தத் தேக்கங்கள் திட்டமிடப்பட்டன. கட்டப்படவில்லை. அதே மலைப்பகுதியில் 1925இல் நூர்பர்க்ரிங் கார்ப்பந்தயப் பாதைக்கு வேலை தொடங்கிற்று. 1927இல் அது தயாராகியும் விட்டது.

2021 ஜூலை 14 இரவில் பள்ளத்தாக்கில் 130க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மேலே ஊர்கள் மூழ்கி வெகுநேரத்துக்குப் பிறகுதான் ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கும் சின்சிகுக்கு வெள்ளம் போய்ச் சேர்ந்தது. ஆனாலும் அங்கே மாற்றுத்திறனாளிகள் இல்லமொன்றில் 12 பேர் இறந்தார்கள். தண்ணீர் கடந்த தூரத்தைச் செய்தி கடக்கவில்லை. நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்தின் உயரத்தைக் காட்டும் அரசு வரைபடங்கள் இருக்கத்தான் செய்தன. அவை அல்டனாரின் அளவுகோலில் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பதிவான எண்களைக் கொண்டு போடப்பட்டவை. சுமார் எழுபது வருஷக் கணக்கு. 1804ம் 1910ம் அதில் கிடையாது. அப்போது அளவுகோல் இல்லை; எனவே வெள்ளமும் இல்லை. பான் பல்கலைக்கழகத்தின் புவியியலாளர்கள் பழைய சுவர்க்குறிகளையும் ஊர்க்குறிப்புகளையும் வைத்து அந்த வெள்ளங்களின் அளவை மதிப்பிட்டு, 2021க்குச் சில வருஷங்கள் முன்பே பிரசுரித்திருந்தார்கள். எழுத்து இருந்தது, அதை எண்ணாக மாற்றியும் கொடுத்தாயிற்று. வரைபடம் மாறவில்லை.

மீண்டும் மேலேறி டெர்னாவைக் கடந்தால் மரியன்டால். தோட்டங்களுக்கு அடியில் மலையைக் குடைந்த சுரங்கங்கள். முதல் உலகப்போருக்கு முன் ராணுவத்துக்காகத் தொடங்கிய ரயில்பாதையைச் சேர்ந்தவை. ஒரு ரயிலும் அவற்றில் ஓடியதில்லை. 1944இல் இங்கே புஹன்வால்ட் வதைமுகாமின் கிளை ஒன்று இருந்தது. வி-2 ராக்கெட்டுகளுக்கான கருவிகளைச் செய்யக் கைதிகளைக் கொண்டு வந்தார்கள். அந்த முகாமுக்கு வைத்த மறைபெயர் ‘ரேப்ஷ்டாக்’. திராட்சைக்கொடி என்று அர்த்தம். சரிவு முழுக்க நின்ற செடியின் பெயரையே எடுத்து அதை மறைக்கப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

1960 முதல் 1972 வரை அதே சுரங்கங்களைப் பெரிதாக்கி, அணுயுத்தம் வந்தால் பான் நகரத்து அரசாங்கம் ஒளிந்துகொள்ள இடம் கட்டினார்கள். 17.3 கிலோமீட்டர் நீளம். 3000 பேர், 30 நாள். வராத யுத்தத்துக்கு இவ்வளவு துல்லியமான கணக்கு. இருமுறை வந்த வெள்ளம் கணக்கிலேயே இல்லை. 1997இல் அதைக் கைவிடத் தீர்மானித்தார்கள். 2008 முதல் அதில் சுமார் 200 மீட்டர் மட்டும் மியூசியமாக இருக்கிறது.

ஞாபகம் எழுத்தாளனின் வேலை, அளவை பொறியாளரின் வேலை என்று ஒரு பாகப்பிரிவினையை நாம் ஒப்புக்கொண்டு வெகுகாலமாகிறது. நம்முடைய பங்கை நாமே ‘வெறும் அனுபவம்’ என்று மதிப்புக் குறைத்துத்தான் வைத்திருக்கிறோம். 1910இல் சுவரில் ஆணியால் ஒரு கோடு கீறி வருஷம் எழுதியவனுக்கு இந்தப் பிரிவினை தெரியாது. தண்ணீர் எங்கே நின்றதோ அங்கே கீறினான். அது சாட்சியமும்தான், அளவையும்தான்.

வெள்ளத்துக்குப் பிறகு நிலவறைகளிலிருந்து எடுத்த ஒயின் புட்டிகளைச் சேற்றோடு அப்படியே நிவாரண நிதிக்காக விற்றார்கள். அப்படியொரு புட்டியை ஆர்வைலரில் ஒரு கடை அலமாரியில் பார்த்தேன். சேறு காய்ந்து வெடித்திருந்தது. துடைக்கக் கூடாது என்று கடைக்காரர் சைகை செய்தார். துடைத்துவிட்டால் அது மற்றொரு புட்டி, அவ்வளவுதான்.