உறையூர் வட்டாரத்தில் இடந்தேடும் கலை: தாலமி முதல் ஜியோகேச்சிங் வரை

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகரத்தில் வாழ்ந்த தாலமி என்னும் வானநூல் அறிஞர், தாம் கேள்வியுற்ற உலகம் முழுமையிலும் உள்ள ஊர்கள், முகத்துவாரங்கள், மலைகள் என ஏறத்தாழ 8000 இடங்களைத் தொகுத்து, அவற்றுக்கு அட்சரேகையும் தீர்க்கரேகையும் வகுத்துத் தம் பூகோள நூலை இயற்றியபோது, சோர்நகோஸ் என்னும் அரசனுடைய தலைநகராக ஓர்தூரா என்றோர் ஊரையும் அதில் சேர்த்தார். அவ்வூர் உறையூரே என்பதும், அவ்வரசன் பெயர் சோழனைக் குறிப்பது என்பதும் சரித்திர ஆசிரியர் பலர் ஏற்றுக்கொண்ட முடிபு. அவர் தந்த எண்களை நம்பி இன்று ஒருவர் புறப்படுவாராயின் உறையூரை அடைய மாட்டார். மாலுமிகளும் வணிகரும் சொன்ன பிரயாணக் கணக்குகளைக் கொண்டே அவர் தூரத்தைக் கணித்தமையால், நம் தீபகற்பம் அவர் படத்தில் தெற்கு நோக்கி நீளாமல் தட்டையாகக் கிடக்கிறது. ஆயினும், தான் ஒருநாளும் கண்டறியாத ஓர் ஊரை இரண்டு எண்களின் துணையால் ஒருவன் அறிந்துகொள்ளலாம் என்னும் அரிய எண்ணம் உறையூர் மண்ணைத் தொட்டது அந்நூலில்தான்.

அந்த எண்ணம் பதினெட்டு நூற்றாண்டுகள் கழித்து எண்களைக் கொண்டு மறைத்து வைத்த பெட்டியைத் தேடும் ஜியோகேச்சிங் என்னும் விநோதமாக உருவெடுத்தது. அதன் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறி, அதற்கு இணையான தேடல்கள் உறையூர், திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம் ஆகிய மூன்றையும் உள்ளடக்கிய காவிரிக் கரையில் எவ்வாறு வளர்ந்தன என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஒரு பொருளை மறைத்து வைத்து மற்றவரைத் தேடச் செய்வது மேல்நாட்டு முறை. முன்னோர் வெளிப்படையாக விட்டுச் சென்று நாம் பாராமுகமாக இருந்தமையால் மறைந்துபோனவற்றைத் தேடுவதே இவ்வட்டாரத்துக்கு இயல்பாக அமைந்த முறை என்பது என் துணிபு.

1854ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டார்ட்மூர் பொட்டலில், கிரான்மியர் குளம் என்னும் சேற்று நிலத்தருகே, ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி ஒரு பாட்டிலை வைத்து, அங்கு வரை நடந்து வந்தவர்கள் தம் பெயர்ச்சீட்டை அதனுள் இட்டுச் செல்ல ஏற்பாடு செய்தார். அதன் வழியில் பெருகியது லெட்டர்பாக்ஸிங் என்னும் பொழுதுபோக்கு. பின்னர், அமெரிக்க அரசு தன் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் குறிகளைப் பொதுமக்களுக்கு வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்த ஏற்பாட்டை 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. நூறு மீட்டர் அளவுக்குப் பிழைபட்டிருந்த கருவி ஒரே இரவில் பத்திருபது மீட்டருக்குள் இடத்தைச் சுட்டத் தொடங்கிற்று. மே 3ஆம் நாள் டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்னும் ஊருக்கருகே ஒரு கறுப்பு வாளியில் குறிப்பேடு, பென்சில், சில சிறு பொருள்கள் ஆகியவற்றை இட்டு வைத்து, அவ்விடத்தின் எண்களை வெளியிட்டார். மைக் டீக் என்பவர் சில நாட்களுக்குள் அதனைக் கண்டெடுத்துத் தம் பெயரைப் பதிந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் இவ்வாட்டத்துக்கெனப் பொதுப் பதிவிடம் ஒன்றை நிறுவினார். இன்று உலகெங்கும் 30 லட்சத்துக்கு மேற்பட்ட இத்தகைய பெட்டிகள் உள்ளன.

இதன் விதிகள் எளியவை. பெட்டியிலிருந்து ஒன்றை எடுப்பவர் அதற்கு ஈடான ஒன்றை அதில் வைக்க வேண்டும். எடுக்காவிடினும் குறிப்பேட்டில் பெயரும் தேதியும் எழுத வேண்டும். பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துத் திரும்ப வேண்டும். மண்ணைத் தோண்டிப் புதைத்தல் கூடாது. நிலத்துக்குரியவரின் சம்மதம் வேண்டும். போகும் வழியில் கிடக்கும் குப்பையைப் பொறுக்கி வருவதும் 2002 முதல் இக்கூட்டத்தாரின் வழக்கமாயிற்று. இடத்தைப் பாகை, கலை, கலையில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்னும் நுட்பம் வரை எழுதுவார்கள். உறையூர் வடக்கே ஏறத்தாழ 10 பாகை 50 கலையிலும், கிழக்கே 78 பாகை 41 கலையிலும் உள்ளது என்றால், அட்சரேகையில் அடுத்து வரும் ஆயிரத்தில் ஒரு பங்கு தரையில் 1.85 மீட்டருக்குச் சமம். ஒரு திண்ணையின் நீளம் என்று கொள்ளலாம். அதற்குமேல் கருவி உதவாது. கண்ணும் பொறுமையும்தான் உதவ வேண்டும். இவ்விநோதத்தின் இன்பமெல்லாம் அந்தக் கடைசி இரண்டு மீட்டரில் இருக்கிறது என்று அதில் ஈடுபட்டோர் சொல்வதை நான் முழு மனத்தோடு ஒப்புகிறேன்.

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். ஸ்ரீரங்கத்துக் கோயிலின் வரலாற்றைச் சொல்லும் கோயிலொழுகு, அக்கோயிலே தேடிக் கண்டெடுக்கப்பட்டது என்றுதான் தொடங்குகிறது. அக்கோயிலை முதலில் எழுப்பியதாக மரபு கூறும் தர்மவர்மனுக்குப் பிற்காலத்தில் காவிரி வெள்ளத்தால் விமானம் மணலில் மூழ்கிக் காடு மண்டிப் போக, வேட்டைக்கு வந்த சோழன் ஒருவன் மரத்தடியில் இளைப்பாறும்போது அம்மரத்திலிருந்த கிளியொன்று அரங்கனைத் துதிக்கும் சுலோகத்தைச் சொல்லக் கேட்டுத் தேடத் தொடங்கி, பின் கனவில் இடமறிந்து மணலை அகற்றினான் என்பது ஐதிகம். அவனைக் கிளிச்சோழன் என்றனர். கிளிமண்டபம் என்ற பெயர் இன்றும் அக்கோயிலில் வழங்குகிறது. இதனைச் சரித்திரமாகக் கொள்ள வேண்டுவதில்லை. ஆனால் குறிப்பு ஒன்று கிடைத்தல், அதைக் கொண்டு இடத்தை அணுகுதல், இறுதியில் கண்ணாரக் காணுதல் என்னும் மூன்று படிகளையும் நம் முன்னோர் ஒரு கோயிலின் தோற்றக் கதையாகவே போற்றினார்கள் என்பது கருதத்தக்கது.

அதைக் காட்டிலும் உள்ளத்தை உருக்குவது பதினான்காம் நூற்றாண்டு நிகழ்ச்சி. 1323இல் டில்லிப் படை ஸ்ரீரங்கத்தைத் தாக்கியபோது, வயது முதிர்ந்த பிள்ளை லோகாசாரியார் முதலிய அடியார்கள் உற்சவ மூர்த்தியை எடுத்துக்கொண்டு தெற்கே மதுரைப் பக்கமாகச் சென்றார்கள்; மூலவர் சந்நிதி கல்சுவர் கொண்டு மறைக்கப்பட்டது. ஊர் ஊராக, மலை மலையாக ஒளித்துக் காக்கப்பட்ட அம்மூர்த்தி, விஜயநகரத் தளபதி கோபண்ணாவின் முயற்சியால் 1371இல்தான் மீண்டும் கோயிலை அடைந்தது. ஏறத்தாழ 48 ஆண்டுகள் கடந்தமையால், திரும்பி வந்தவர் பழைய அழகிய மணவாளர்தாமா என்று உறுதி கூற வல்லார் அரிதாயினர். அப்போது கண்ணிழந்த முதிய வண்ணார் ஒருவர், மூர்த்தியின் ஈர ஆடையைப் பிழிந்த தீர்த்தத்தை உட்கொண்டு, அதன் மணத்தாலும் சுவையாலும் தெளிந்து, இவரே நம்பெருமாள் என்று கூறினார் என்றும், அப்பெயரே நிலைத்தது என்றும் கோயில் மரபு சொல்லும். தேடிக் கண்டது மெய்யானதுதான் என்று நிலைநாட்ட ஒரு சாட்சி வேண்டும் என்னும் நியதி இங்கே எத்துணை உயரத்தில் நிற்கிறது! கண்டெடுத்தவன் குறிப்பேட்டில் கையெழுத்திடுவதும் அந்நியதியைச் சேர்ந்த சிறிய செயலே.

இடத்தைத் துல்லியமாகச் சொல்லும் வழக்கமும் இங்குப் பழமையானது. சோழர் செப்பேடுகள் தானமளித்த நிலத்தின் கீழ்பால், தென்பால், மேல்பால், வடபால் எல்லைகளை வாய்க்கால், வரம்பு, மரம், புற்று எனப் பெயர் சொல்லி வரையறுக்கின்றன. பிடி யானையை எல்லை நெடுக நடத்தி, அது சென்ற தடத்தில் கல்லும் கள்ளியும் நட்டனர். லால்குடிப் பக்கத்து அன்பிலைச் சேர்ந்த அமைச்சர் அநிருத்த பிரம்மராயருக்குச் சுந்தர சோழன் அளித்த தானத்தைக் கூறும் அன்பில் செப்பேடு இவ்வகையைச் சேர்ந்தது. அட்சரேகை இல்லாத காலத்தில், பிறிதொரு தலைமுறையினன் வந்து தேடினாலும் தவறாமல் இடம் காண வேண்டும் என்ற கருத்தோடு எழுதப்பட்டவை அவை.

அட்சரேகைக் கணக்கோடு இச்சோழ நாட்டை அளந்தவர் வில்லியம் லாம்டன். 1802இல் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய அவருடைய மகா முக்கோண அளவைக்கு, குன்றுகளற்ற காவிரிச் சமவெளியில் கோயிற் கோபுரங்களே நோக்கிடங்களாக உதவின. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின்மேல் ஏறத்தாழ அரை டன் எடையுள்ள தியோடலைட் என்னும் கோணமளக்கும் கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்து அது சுவரில் மோதிச் சிதைய, அவர் வாரக்கணக்கில் தாமே அமர்ந்து அதனைச் சீர்படுத்தினார். பின்னர் வந்த தேசப்படங்களுக்கெல்லாம் இவ்வளவையே ஆதாரம்.

அளவைக்குப் பின் எழுந்தது சாசனத் தேடல். 1886இல் ஹூல்ஷ் சாசன ஆராய்ச்சியாளராக நியமனம் பெற்ற பின், மைப்படி எடுக்கும் பணி ஊர்தோறும் நடந்தது. ஸ்ரீரங்கத்துக் கோயிலின் சாசனங்கள் மட்டும் 600க்கு மேற்பட்டவை. 1982இல் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளுள் 24ஆம் தொகுதியாக அவை அச்சேறின. இத்தகைய தொகுதிகளைப் பார்ப்பவர், ஒவ்வொரு பாடத்தின் தலைப்பிலும் எந்தத் திருச்சுற்று, எந்தத் திசைச் சுவர், வாயிலுக்கு வலமா இடமா என்று குறித்திருப்பதைக் காண்பர். அக்குறிப்பைக் கையில் கொண்டு கோயிலுக்குச் சென்று, வெள்ளைப் பூச்சும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்த சுவரின்முன் நின்று, சாய்வெயில் விழும் வேளையில் எழுத்துகளின் பள்ளத்தில் நிழல் தங்கும்போது முதல் வரியின் தொடக்கத்தைக் கண்டுகொள்பவன் அடையும் மகிழ்ச்சிக்கும், மரப்பொந்தில் பெட்டியைக் கண்டவன் அடையும் மகிழ்ச்சிக்கும் வகையில் வேற்றுமை இல்லை. பயனில்தான் வேற்றுமை உண்டு.

இம்மகிழ்ச்சியை ஒரு கூட்டத்தின் உடைமையாக்கியவர்கள் திருச்சியில் இருந்தார்கள். கண் மருத்துவராகிய இரா. கலைக்கோவன், பல்லவர் வரலாறும் சோழர் வரலாறும் எழுதிய தம் தந்தையார் மா. இராசமாணிக்கனாரின் பெயரால் 1982இல் வரலாற்றாய்வு மையம் ஒன்றை அமைத்தார். அரசாங்கப் பதவியின்றி, ஆர்வம் ஒன்றையே முதலாகக் கொண்ட அன்பர்கள் அம்மையத்தில் கூடி, சிராப்பள்ளிக் குடைவரைகள் தொடங்கிச் சுற்றுவட்டாரத்துக் கோயில்கள் பலவற்றைச் சுவர் சுவராக ஆராய்ந்து, அதுவரை படியெடுக்கப்படாத கல்வெட்டுகளை வெளிக்கொணர்ந்து, 'வரலாறு' என்னும் ஆய்விதழில் பதிந்தார்கள். அவர்கள் கண்டதைத் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. எந்தச் சுவரில் கண்டோம் என்று எழுதி, அடுத்தவர் போய்ச் சரிபார்க்க வழிவிட்டார்கள். ஜியோகேச்சிங் கூட்டத்தாரின் தலைசிறந்த பண்பு எதுவோ அது இங்கே அவர்களுக்கு முன்னரே செழித்திருந்தது என்பதைப் பெருமிதத்தோடு கூறலாம்.

உறையூரைப் பற்றித் தனியே ஒன்று சொல்ல வேண்டும். மண்மாரி பொழிந்து பழைய நகரம் மூடுண்டது என்பது வெக்காளியம்மன் கோயிலோடு தொடர்புடைய தலவரலாறு. அம்மன் இன்றும் மேற்கூரையின்றி வானம் பார்க்க எழுந்தருளியிருக்கிறாள். 1965 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தார் டி.வி. மகாலிங்கம் தலைமையில் அங்கு அகழ்ந்தபோது, கறுப்பு சிவப்பு மட்கலங்களும், பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும், சாயத்தொட்டி எனக் கருதப்படும் செங்கற் கட்டடமும் வெளிப்பட்டன. கைத்தறியால் பிற்காலத்தும் பெயர் பெற்ற ஊரில் ஈராயிரம் ஆண்டுப் பழமையான சாயத்தொட்டி! இன்று வீடுகளும் கடைகளும் நெருங்கிய அத்தெருக்களில் நடப்போருள் எத்தனை பேர் இதனை அறிவர் என்று எண்ணும்போது மனம் வருந்துகிறது.

ஆதலின், இவ்விநோதத்தை இங்கே வளர்க்க விரும்புவோர் அதன் புற வடிவத்தை அப்படியே இறக்குமதி செய்தல் தகாது. கோயில் மதிலிலோ, மலைக்கோட்டைப் படிக்கட்டிலோ, ரயில் நிலையத்திலோ உரிமையாளர் அறியாப் பெட்டியொன்றை வைப்பது பக்தருக்கு இடையூறு, காவலருக்குக் கவலை. பெட்டியே இல்லாமல், ஓரிடத்தைச் சென்று கண்டு, அங்குள்ள கல்லிலிருந்து விடை அறிந்து பதியும் முறையும் அக்கூட்டத்தாரிடமே உண்டு. நமக்கு ஏற்றது அது.

திருச்சியிலும் உறையூரிலும் ஸ்ரீரங்கத்திலும் உள்ள கல்லூரி மாணவர்களையும், ஓய்வு பெற்ற பெரியவர்களையும் நான் வேண்டிக்கொள்வது இதுவே. நாலைந்து பேராகச் சேருங்கள். கையிலுள்ள போனில் எண்களைக் குறித்துக்கொண்டு, வயல் வரப்பிலும் குளக்கரையிலும் சாய்ந்து கிடக்கும் நடுகற்களையும், எல்லைக் கற்களையும், துணி துவைக்கப் பயன்படும் எழுத்துக் கற்களையும் தேடிச் செல்லுங்கள். படமெடுங்கள், தேதியிட்டு எழுதுங்கள், கல்லை நகர்த்தாதீர்கள், சுண்ணாம்போ மாவோ பூசாதீர்கள். எழுதியதன் ஒரு பிரதியைத் தொல்லியல் துறைக்கும், ராணி மங்கம்மாள் மண்டபத்தில் இயங்கும் அரசு அருங்காட்சியகத்துக்கும் அனுப்புங்கள். மண்ணைத் தோண்டுதல் மட்டும் வேண்டாம். நிலத்தடியில் தற்செயலாகப் புதையல் கிடைப்பின் அதனைக் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் விதிக்கிறது.