வெறும்புகழும் வெறுமையும்

கிறிஸ்தவத் தாழ்மையைப் பேச வந்தவர்கள் இலத்தீனின் 'ஹூமுஸ்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, மண்ணாய்க் கிடப்பதே தாழ்மை என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். இலத்தீன் 'ஹூமிலிஸ்' மண்ணின் வழி வந்தது மெய்தான். ஆனால் பவுல் எழுதியது கிரேக்கத்தில். அவர் ஆண்ட சொல் 'தபெய்னொஃப்ரொசூனே', தாழ்ந்த மனம். மண்ணுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

அதன் முற்பகுதியான 'தபெய்னோஸ்' (தாழ்ந்த) கிரேக்கருக்குப் பெரும்பாலும் இழிசொல். ஸ்தோயிக்கத் தத்துவஞானி எபிக்தேத்தஸ் அதன் வழிவந்த சொல்லைக் கோழைமனத்துக்கே வழங்கினார். அது அறமானது எப்படி? எதிரே நிற்கும் சொல்லைப் பாருங்கள். பிலிப்பியர் 2:3இல் எதிர்நிற்பது செருக்கு அன்று, 'கெனொடொக்சியா'. 'கெனோஸ்' வெறுமை, 'டொக்சா' புகழ். டொக்சாவின் வேர் 'டொகெயின்': தோன்றுதல், எண்ணுதல். பிறர் எண்ணத்தில் நாம் எப்படித் தோன்றுகிறோம் என்பதே அது. எபிரேய 'காபோத்'தையும், எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் தந்த எழுபதின்மர் டொக்சா என்றே பெயர்த்தனர். காபோத்தின் வேர்ப்பொருள் கனம். ஆகவே கெனொடொக்சியா கனமற்ற புகழ்.

நான்கு வசனம் தள்ளி, 2:7இல் கிறிஸ்து தம்மை வெறுமையாக்கினார் என்னுமிடத்தில் 'எகெனோசென்'. அதே கெனோஸ்! 2:8இல் தம்மைத் தாழ்த்தினார் என்னுமிடத்தில் 'எதபெய்னோசென்', 2:11இல் டொக்சா. தற்செயல் என்பார் சொல்லட்டும். தமிழ் விவிலியத்தில் கெனொடொக்சியா 'வீண்பெருமை', எகெனோசென் 'வெறுமை' ஆனதால் இந்த உறவு மறைந்துபோயிற்று. 'வெறும்புகழ்' என்றிருந்தால் விளங்கியிருக்கும்.

தாழ்மையும் வள்ளுவரின் அடக்கமும் ஒன்றே என்பாரும் உளர். புகழுக்கு வள்ளுவர் தனி அதிகாரமே வகுத்தார். அவர் அடக்கம் புகழோடு பகைக்கவில்லை; பவுலின் தாழ்மையோ வெறும்புகழை எதிர்த்து நிற்கிறது.

பவுலுக்குப் பின் வந்த பாலைவனத் துறவி எவாக்ரியுஸும் எட்டுத் தீய எண்ணங்களுள் கெனொடொக்சியாவைச் செருக்கினின்று பிரித்தே வைத்தார். இலத்தீனில் எழுதிய துறவி காசியானும் அக்கிரேக்கச் சொல்லையே எடுத்தாண்டார். அவர் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று: எகிப்தின் ஸ்கேத்திஸ் பாலைவனத்தில் முதிய துறவி ஒருவர் வேறொரு துறவியின் அறைக்குப் போனார். உள்ளே அந்தத் துறவி ஆளில்லாச் சபைக்குப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். பிறகு தாமே திருத்தொண்டராகி, ஞானஸ்நானத்துக்குக் காத்திருப்போரை வெளியே அனுப்பும் அறிவிப்பையும் சொன்னார். வெளியே வந்தவர் நாணத்தோடு, "எப்போது வந்தீர்கள்?" என்று கேட்க, "நீர் அவர்களை அனுப்பும்போதுதான்" என்றார் பெரியவர். நகைத்தபடி சொன்ன விடை அது.

கேட்க ஆளே இல்லாதபோதும் மனம் தனக்கொரு சபையைக் கூட்டிக்கொள்கிறது. அந்தச் சபையைக் கலைப்பதே தபெய்னொஃப்ரொசூனே. மண்ணாய்க் கிடப்பவனும் பாராட்டுக்குக் காத்திருக்கலாம். புகழாசை விட்டவனே தாழ்மையுள்ளவன். பவுல் கண்ட பொருள் இதுவே என்பது என் துணிபு.