அகலிகை: நவீனத் தமிழ் மறுகூறல்கள்

அகலிகை, இராமாயணத்தின் பால காண்டத்தில் வரும் கௌதம முனிவரின் மனைவி. கணவனின் உருவில் வந்த இந்திரனோடு கூடியதால் சாபத்துக்கு ஆளாகி, பின்னர் இராமனால் மீட்கப்பட்டவள். காப்பியத்தில் அவளுக்குக் கிடைத்தது சில பாடல்களின் இடம்தான். மீட்சி முடிந்ததும் கதை மிதிலைக்குப் போய்விடுகிறது. அங்கே விடுபட்டதைத்தான் இருபதாம் நூற்றாண்டின் தமிழ் எழுத்தாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்த எழுத்தில் தலையாயவை சென்னை இதழ்களில் வெளிவந்தன: 1933இல் சென்னையில் தொடங்கிய மணிக்கொடியிலும், மயிலாப்பூரிலிருந்து வந்த கலைமகளிலும்.

பழைய வடிவங்கள்

தமிழில் அகலிகையைப் பற்றிய மிகப் பழைய பதிவுகளுள் ஒன்று பரிபாடலின் 19ஆம் பாடலில் இருக்கிறது. திருப்பரங்குன்றத்துக்கு வந்தவர்கள் அங்கே தீட்டியிருந்த ஓவியங்களைப் பார்த்து, பூனையாய் நிற்பவன் இந்திரன், இவள் அகலிகை, அவன் கௌதமன் என்று ஒருவருக்கொருவர் சுட்டிக்காட்டிச் சொல்லிக்கொள்கிறார்கள். கம்பருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இது ஊரறிந்த கதை.

வால்மீகியில் வந்திருப்பவன் இந்திரன் என்று அகலிகைக்குத் தெரியும். தெரிந்தே இணங்குகிறாள். கௌதமர் இடும் சாபமும் கல்லாகும் சாபம் அல்ல. யார் கண்ணுக்கும் படாமல், காற்றையே உணவாகக் கொண்டு, சாம்பலில் கிடந்து தவம் செய்ய வேண்டும் என்பதே தண்டனை. மீட்சியின்போது இராமனும் இலக்குவனும் அவள் காலைத் தொட்டு வணங்குகிறார்கள். கல்லுருவம் காளிதாசரின் ரகுவம்சத்தில் உண்டு. தமிழ் மனத்தில் அதை நிலைநிறுத்தியவர் கம்பர். கம்பரின் அகலிகை முதலில் ஏமாறுகிறாள். இடையில் உண்மை உறைக்கிறது. தகாதது என்று விலகவில்லை. இப்படி ஒரு நொடியின் மனநிலையைத் தராசில் வைத்த கம்பரே, மீட்சிக்குப் பிறகு, நெஞ்சால் பிழை செய்யாதவள் இவள், ஏற்றுக்கொள் என்று கௌதமரிடம் விசுவாமித்திரரைச் சொல்ல வைக்கிறார். இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே இருக்கும் இழுபறி கம்பர் அறிந்தே விட்டது என்றுதான் கொள்ள வேண்டும். நவீன எழுத்தாளர்கள் அத்தனை பேரும் நுழைந்தது அந்த வழியில்தான்.

இந்திரனின் கதை வேறுவிதமாக முடிந்தது. அவன் பாவம் நீங்கித் தூய்மை பெற்ற தலம் என்று சுசீந்திரம் கோயிலின் தலபுராணம் சொல்கிறது. அகலிகைக்கோ, விடியலில் நினைக்க வேண்டிய ஐந்து கன்னியர் என்ற வடமொழிச் சுலோகத்தில் முதல் பெயராக இடம் கிடைத்தது. நினைத்தாலே பாவம் தீரும் என்று பாராட்டும் அந்த மரபும், நீ என்ன நினைத்தாய் என்று அவளைக் கேட்டதில்லை.

1934

புதுமைப்பித்தன் (1906–1948) இந்தக் கதையை இரண்டு முறை எழுதினார். முதலாவது, 1934இல் மணிக்கொடிக் காலத் தொடக்கத்தில் எழுதிய 'அகல்யை'. மிகச் சிறிய கதை. இதில் சாபமே இல்லை. கௌதமன் நடந்ததைப் புரிந்துகொள்கிறான், இந்திரனை அறிவுரை சொல்லி அனுப்புகிறான், மனைவியை ஆற்றுகிறான். மனத்தில் மாசில்லாதபோது உடலுக்கு நேர்ந்தது கறையாகாது என்பது அவன் முடிவு. இருந்தாலும், அந்த நேரத்தில் உன் உடல் ஏன் கல்லாய் இருக்கவில்லை என்ற கேள்வி அவனுக்குள்ளும் எழுகிறது. கல் என்பது இங்கே தண்டனையிலிருந்து கணவன் மனத்தின் ஓர் ஏக்கமாக இடம் மாறிவிடுகிறது. இருபத்தெட்டு வயது இளைஞர் ஒரே வீச்சில் கண்டுபிடித்த இடம் இது. ஆனால் கதை கௌதமனின் பெருந்தன்மையோடு நின்றுவிடுகிறது. அகலிகை அழுவதோடு சரி.

அதே மணிக்கொடிக் குழுவைச் சேர்ந்த கு.ப. ராஜகோபாலன் எதிர்த்திசையில் போனார். அவருடைய அகலிகைக்கு இந்திரன் மேல் உள்ளூர விருப்பம் இருக்கிறது. அந்த விருப்பத்தை அவர் மூடவும் இல்லை, தண்டிக்கவும் இல்லை. ந. பிச்சமூர்த்தி 'உயிர்மகள்' என்ற கவிதையில் அகலிகையை உயிராகவும் கௌதமனை மனமாகவும் இந்திரனை இன்பமாகவும் உருவகித்தார். உருவகம் கச்சிதமானது. அந்தக் கச்சிதத்தில் ரத்தமும் சதையுமான பெண் மறைந்துபோகிறாள் என்பதே அதன் குறை.

சாப விமோசனம்

புதுமைப்பித்தனின் இரண்டாவது கதை 'சாப விமோசனம்'. 1943 மே மாதக் கலைமகளில் வெளிவந்தது. கி.வா. ஜகந்நாதன் ஆசிரியராக இருந்த கலைமகள், பழந்தமிழ்ப் புலமைக்கும் மரபான வாசகர்களுக்கும் பெயர்பெற்ற இதழ். இராமாயணத்தை அறிந்தவர்களுக்கு இது ஒவ்வாமல் போகலாம் என்றும், அதைப்பற்றித் தமக்குக் கவலை இல்லை என்றும் கதையின் முகப்பிலேயே புதுமைப்பித்தன் குறிப்பு வைத்தார். அதே ஆண்டு அதே இதழில்தான் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' வெளிவந்து, சிவபெருமான் பிராட்வே முனைக்கு வந்து சேர்ந்தார்.

பழைய கதை முடியும் இடத்தில் 'சாப விமோசனம்' தொடங்குகிறது. சாலையோரம் கற்சிலை; சற்றுத் தள்ளி ஒரு புற்று, அதற்குள் கௌதமன். சாபம் கொடுத்தவனும் இத்தனை காலம் மண்ணுக்குள் உறைந்து கிடந்திருக்கிறான் என்பது புதுமைப்பித்தன் சேர்த்தது. கதையின் நியாயம் முழுவதும் அதில் இருக்கிறது. விளையாடி ஓடிவரும் சிறுவன் இராமனின் காற்புழுதி பட்டு அவள் எழுகிறாள். புற்று உடைந்து அவனும் எழுகிறான். விசுவாமித்திரர் இருவரையும் சேர்த்து வைத்துவிட்டுப் போகிறார். பிறகுதான் வாழ வேண்டியிருக்கிறது.

சரயு நதிக்கரைக் குடிசையில் அவர்கள் தொடங்கும் வாழ்க்கையில் யாரும் கொடியவர் இல்லை. கௌதமன் குற்ற உணர்வோடு இருக்கிறான். சபிக்கத் தனக்கு என்ன உரிமை என்று மறுகுகிறான். அகலிகைக்கோ அவன் பேசும் எளிய சொல்லுக்கும் உள்ளர்த்தம் இருக்குமோ என்று நடுக்கம். எந்த ஆணைப் பார்த்தாலும் இந்திரனோ என்று அச்சம். ஆற்றங்கரைக்கு வரும் பெண்கள் ஒதுங்கிப் போகிறார்கள். சட்டப்படி, சாத்திரப்படி அவள் தூய்மையானவள். அந்தத் தீர்ப்பை அவள் உடல் மட்டும் நம்ப மறுக்கிறது. பெரும் அதிர்ச்சிக்குப் பின் மனம் இயங்கும் விதத்தை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன தமிழ்க் கதை அதற்கு முன் இருந்ததாகச் சொல்ல முடியாது.

அவளுடைய ஒரே தெம்பு இராமன். தன்னைக் குற்றமற்றவள் என்று கண்ட பிள்ளை. பதினான்கு ஆண்டுகள் கழித்து இராமனும் சீதையும் குடிசைக்கு வருகிறார்கள். பெண்கள் இருவரும் தனியே பேசும்போது, தீக்குளித்த செய்தியைச் சீதை இயல்பாகச் சொல்கிறாள். அகலிகை பதறுகிறாள். கேட்டவன் யார், ஏன் செய்தாய் என்று துடிக்கிறாள். தனக்கு ஒரு நீதியும் இராமனுக்கு ஒரு நீதியுமா என்பது அவள் கேள்வி. உலகத்துக்கு மெய்ப்பிக்க வேண்டாமா என்று சீதை சிரிக்கிறாள். உள்ளம் அறிந்தது போதாதா என்பது மற்றவளின் பதில். காப்பியம் ஒருபோதும் நேருக்கு நேர் உட்கார வைக்காத இரண்டு பெண்களை உட்கார வைத்ததே புதுமைப்பித்தனின் பெரிய செயல். இராமனை அவர் ஒரு வார்த்தை வையவில்லை, வையத் தேவையும் இருக்கவில்லை. பின்னர் அன்போடு நெருங்கும் கௌதமனில் அவளுக்கு இந்திரன் தெரிகிறான். அவள் மீண்டும் கல்லாகிறாள். கௌதமன் துறவியாய் வடக்கு நோக்கி நடக்கிறான்.

அவள் அறிந்தாளா, அறியவில்லையா என்று இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை இந்தக் கதை கைவிட்டது. மன்னிக்கப்பட்ட பிறகு அவளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டது. தமிழில் பின்னால் வந்த தொன்ம மறுகூறல்கள் பலவற்றின் வழி இங்கேதான் பிரிகிறது.

மயிலாப்பூரும் தியாகராய நகரும்

அடுத்த ஆண்டு, 1944இல், மயிலாப்பூர் சமஸ்கிருதக் கல்லூரியில் வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார் இராமாயணம் பற்றி ஆங்கிலத்தில் 30 சொற்பொழிவுகள் ஆற்றினார். பாத்திரங்களை மனிதர்களாகவே வைத்து, இராமன் தடுமாறும் இடங்களையும் சேர்த்து ஆராய்வது அவர் முறை. சாஸ்திரியாரும் புதுமைப்பித்தனும் இரு வேறு உலகத்தவர்கள். ஆனால் ஒரே வட்டாரத்தில், ஓராண்டு இடைவெளியில், காப்பிய மாந்தரை மனித அளவில் வைத்துப் பார்க்கும் பார்வை இருவரிடமும் தோன்றியது தற்செயல் அல்ல. வழிபாட்டுக்குரிய நூலை வாசிப்புக்குரிய நூலாகவும் எடுக்கலாம் என்ற துணிவு அப்போது அந்தத் தெருக்களில் இருந்தது.

ராஜாஜி 1954 ஏப்ரலில் முதலமைச்சர் பதவியிலிருந்து விலகினார். அடுத்த மாதமே கல்கி வார இதழில் 'சக்கரவர்த்தித் திருமகன்' தொடங்கியது. தியாகராய நகர் பசுல்லா சாலையில் வாழ்ந்த அவருடைய இந்த நூலுக்கு 1958இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அகலிகை விஷயத்தில் அவர் வால்மீகியின் பக்கம்: அவள் ஏமாறவில்லை, அழகின் செருக்கில் அறிவிழந்தாள், ஆனால் எவ்வளவு பெரிய பிழைக்கும் மீட்சி உண்டு. இது அறிவுரை. ஆனால் நூலின் முடிவில் அதே ராஜாஜி நெகிழ்ந்து போகிறார். சீதையைக் காட்டுக்கு அனுப்பும் உத்தர காண்டத்தைத் தம் மனம் ஏற்கவில்லை என்கிறார். அது நம் பெண்களின் துயரத்தில் பிறந்த கதையாக இருக்கும் என்கிறார். தீக்குளிப்பும் இராமனின் இயல்போடு பொருந்தவில்லை என்கிறார். பக்தராகிய ராஜாஜியையும் முடிவில் நிறுத்தி வைத்தது, புதுமைப்பித்தனின் அகலிகை நின்ற அதே இடம்தான்.

திராவிட இயக்கத்தின் மறுவாசிப்புகள் வேறு நோக்கம் கொண்டவை. புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' 1946இல் வந்தது; 1948இல் தடை செய்யப்பட்டு 1971இல் விடுவிக்கப்பட்டது. அவற்றின் மையம் இராவணனும் இன அரசியலும். அகலிகை அந்த வழக்கில் சாட்சியாக அழைக்கப்பட்டாளே தவிர, பாத்திரமாக வளரவில்லை.

கிரேக்கத்தில் ஓர் உறவுக்காரி

கணவன் உருவில் வந்த கடவுள் என்னும் கதை கிரேக்கத்திலும் உண்டு. ஆம்ஃபிட்ரியோன் போருக்குப் போயிருந்தபோது அவன் உருவில் சீயஸ் வந்து ஆல்க்மேனேயோடு கூடினான்; ஹெராக்ளீஸ் பிறந்தான். வீரமகன் பிறந்ததால் அவளுக்குச் சாபம் இல்லை. எனினும் யூரிப்பிடீஸ் எழுதி அழிந்துபோன நாடகத்தில் கணவன் அவளை எரிக்க முற்பட்டதாகத் தெரிகிறது. பலிபீடத்தில் அவள் அமர்ந்திருக்க, மழை தீயை அணைக்கும் காட்சி பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலுள்ள ஒரு மட்கலத்தில் தீட்டப்பட்டிருக்கிறது. ரோமானியரான பிளாட்டஸ் இந்தக் கதையை நகைச்சுவை நாடகமாக்கினார். 1807இல் ஜெர்மானியரான கிளைஸ்ட் எழுதிய நாடகம், எல்லா உண்மையும் வெளிப்பட்ட பின் ஆல்க்மேனே விடும் ஒற்றைப் பெருமூச்சில் முடிகிறது. சாப விமோசனத்துக்கு உலக இலக்கியத்தில் மிக அருகில் நிற்பது அந்தப் பெருமூச்சு.

அண்மைக்கால ஆங்கில நாவல்கள் வேறு பாதையில் போகின்றன. மார்கரெட் அட்வுட்டின் 'பெனிலோப்பியாட்' (2005), மேடலின் மில்லரின் 'சர்சி' (2018) ஆகியவற்றில் பெண்ணே தன் கதையைச் சொல்கிறாள்; காவியம் மறுத்த குரலை நாவல் அவளிடம் ஒப்படைக்கிறது. புதுமைப்பித்தனின் அகலிகை கதைசொல்லி அல்ல. அவள் பேசுவது குறைவு, பேசுவதை எண்ணி எண்ணி அஞ்சுகிறாள். வாயாடியாக்கி அவளை விடுவித்திருந்தால் நமக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பேச முடியாமல் போனதையே காட்டியது அதைவிடக் கடினமான நேர்மை.

பின்வந்தவை

ஈழத்துக் கவிஞர் சி. சிவசேகரம் 1980இல் எழுதிய 'அகலிகை' கல்லைத் திருமணத்துக்குள்ளேயே கண்டது. கல் போன்ற கணவன்; இடையில் சிறிது மகிழ்ச்சி; பிறகு மெய்யாகவே கல். அந்த மணவாழ்வுக்குத் திரும்புவதைவிடக் கல்லாகவே இருந்திருக்கலாமோ என்று கவிதை கேட்கிறது. கோவை ஞானியின் 'கல்லிகை' அவளை ஒடுக்கப்பட்ட வர்க்கமாகவும், கௌதமனையும் இந்திரனையும் நிலவுடைமையாகவும் முதலாளியமாகவும், இராமனைச் சுரண்டல் இல்லாத எதிர்காலமாகவும் வாசித்தது.

தென்சென்னையில், பழங்கதைப் பெண்களைத் திரும்பச் சொல்லும் இந்த மரபு ஆங்கிலத்திலும் மேடையிலும் தொடர்ந்தது. திருவான்மியூரில் இயங்கும் தாரா புக்ஸ் 2011இல் 'சீதாஸ் ராமாயணா' என்ற சித்திரநூலை வெளியிட்டது. சம்ஹிதா ஆர்னி ஆங்கிலத்தில் எழுத, வங்கத்துப் பட ஓவியர் மொய்னா சித்ரகார் தீட்டிய அந்த நூலில் சீதையே கதை சொல்கிறாள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் திட்டமாகத் தொடங்கிய 'வாய்சிங் சைலன்ஸ்' அரங்கில், இன்குலாப் எழுதி அ. மங்கை இயக்கிய 'ஔவை', பாடப்புத்தகக் கிழவியை மீண்டும் இளம் பாணர்குலப் பெண்ணாக்கியது.

அகலிகையும் சீதையும் சந்திக்கும் அந்தக் குடிசைக் காட்சி தெலுங்கிலும் வேறு வடிவில் பிறந்தது. ஓல்காவின் 'விமுக்தா' (2015ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது பெற்றது) சீதையைச் சூர்ப்பணகை, ரேணுகை, ஊர்மிளை, அகலிகை ஆகியோரிடம் அழைத்துச் செல்கிறது. புதுமைப்பித்தனின் அகலிகை தீக்குளிப்பு முடிந்த பிறகுதான் செய்தி அறிகிறாள். ஓல்காவின் அகலிகை தீ மூட்டப்படும் முன்பே சீதையைக் கண்டு பேசிவிடுகிறாள்: உன் தூய்மையை விசாரிக்கும் உரிமையை எவருக்கும் கொடுக்காதே, விசாரணை என்பதே அவநம்பிக்கைதான் என்பது அவள் சொல்லும் செய்தி. சீதைக்கு அன்று அது விளங்கவில்லை. இலங்கையில் தீயின் முன் நின்றபோதுதான் விளங்குகிறது.