ஒருவருக்கு மேல் ஒருவர் இல்லாத தீவு



உலக வரைபடத்தில் தென் அட்லாண்டிக் பெருங்கடலைப் பாருங்கள். ஆப்பிரிக்காவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் நடுவே ஊசியால் குத்தியது போல ஒரு புள்ளி தெரியும். அதன் பெயர் டிரிஸ்தான் டா குன்யா. மனிதர் வாழும் தீவுகளில் இந்த அளவு தனித்துக் கிடப்பது வேறொன்று இல்லை என்பார்கள். பக்கத்து ஊர் என்று சொல்ல வேண்டுமானால் ஏறத்தாழ 2,400 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் செயின்ட் ஹெலினா தீவைத்தான் சொல்ல வேண்டும். விமானம் இறங்க இடமில்லை. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரிலிருந்து கப்பல் ஏறினால் ஒரு வாரப் பயணம். அந்தக் கப்பலும் ஆண்டுக்குச் சில முறைதான் போகும். தீவில் ஒரே ஓர் ஊர், அதில் இருநூற்றுக்குச் சற்று மேற்பட்டோர்.

அறுபது ஆண்டுகளுக்கு முன் இந்த மக்கள் முழுவதுமாக இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கே வீடும் வேலையும் கிடைத்தன. ஆனாலும் அவர்கள் தங்கள் பாறைத்தீவுக்கே திரும்பிப் போனார்கள். ஏன்? இந்தக் கேள்வியோடு இன்று அவர்களுடைய வரலாற்றைப் பார்ப்போம்.

1506ஆம் ஆண்டில் போர்த்துக்கீசிய மாலுமி டிரிஸ்தான் டா குன்யா இத்தீவைக் கண்டார். அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அங்கே நிலையான குடியிருப்பு எதுவும் இல்லை. நெப்போலியனை செயின்ட் ஹெலினாவில் சிறை வைத்த பிரிட்டன், அவரை மீட்க யாரும் இத்தீவைப் பயன்படுத்திவிடக் கூடாது என்று 1816இல் ஒரு சிறு படையை இங்கே நிறுத்தியது. மறு ஆண்டே படையைத் திரும்ப அழைத்தது. அப்போது ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கிளாஸ் என்ற படைவீரர், தம் மனைவி மக்களோடு இங்கேயே தங்கிவிட அனுமதி கேட்டார். வேறு இருவரும் அவரோடு நின்றார்கள்.

1817 நவம்பர் 7ஆம் நாள் இந்த மூவரும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். கால்நடையும் பண்டங்களும் எல்லாருக்கும் சமம், வரும் இலாபம் சமமாகப் பிரிக்கப்படும், செலவும் அப்படியே. தங்களுக்குள் இணக்கம் நிலைக்க வேண்டுமானால் ஒருவரும் மற்றவருக்கு மேலானவர் என்று காட்டிக்கொள்ளக் கூடாது என்றும் எழுதினார்கள். அதிகாரியின் கட்டளைக்குப் பணிந்தே பழகிய படைவீரர் ஒருவர், கட்டளையிட யாருமில்லாத இடத்தில் தாமே அதிகாரியாக முயலவில்லை. இதை நாம் சிந்திக்க வேண்டும். எல்லாம் பொதுவாய் இருந்த தொடக்கத் திருச்சபையைத் திருத்தூதர் பணிகள் நூலில் வாசிக்கும் நமக்கு இந்த ஒப்பந்தம் அந்நியமாகத் தோன்றாது.

அந்த ஒப்பந்தம் எழுத்துக்கு எழுத்து அப்படியே நீடிக்கவில்லை. ஆட்கள் வந்தார்கள், போனார்கள். 1827இல் செயின்ட் ஹெலினாவிலிருந்து ஐந்து பெண்கள் வந்து, மணமாகாதிருந்த ஆண்களோடு குடும்பம் அமைத்தார்கள். கப்பல் உடைந்து கரை சேர்ந்த மாலுமிகள் சிலர் அங்கேயே தங்கினார்கள். அவர்களில் ஒருவரான டச்சுக்காரர் பீட்டர் கிரீன் பிற்காலத்தில் ஊருக்கே மூத்தவராக மதிக்கப்பட்டார். இன்று அங்கே வழங்கும் குடும்பப் பெயர்களை எண்ணினால் கைவிரல்களுக்குள் அடங்கிவிடும்.

கப்பல்கள் உடையும் கடல் அது. 1821இல் மும்பைக்குப் புறப்பட்ட பிளெண்டன் ஹால் என்ற கப்பல், பக்கத்தில் ஆளில்லாத ஒரு தீவில் மோதிச் சிதறியது. பிழைத்தவர்களில் சிலர் சிதைந்த கப்பலின் பலகைகளைக் கொண்டே படகு கட்டி டிரிஸ்தானுக்கு வந்து சேர்ந்தார்கள். உடனே கிளாசும் அவரோடு இருந்தவர்களும் படகில் போய் மற்றவர்களையும் மீட்டு வந்து, தங்களிடம் இருந்த உணவைப் பகிர்ந்து கொடுத்தார்கள்.

அதே கடல் தீவு மக்களிடமும் கடுமையாக நடந்துகொண்டது. 1885 நவம்பரில் உணவுப் பற்றாக்குறை. தூரத்தில் போன ஒரு கப்பலை மறித்துப் பண்டமாற்றுச் செய்யலாம் என்று 15 ஆண்கள் ஒரே படகில் புறப்பட்டார்கள். ஒருவரும் திரும்பவில்லை. உடல் வலுவுள்ள ஆண்களில் பெரும்பகுதியினரை ஒரே நாளில் இழந்த ஊரை எண்ணிப் பாருங்கள். வீட்டுக்கு வீடு கைம்பெண்களும் தந்தையில்லாப் பிள்ளைகளும். பின்வந்த ஆண்டுகளில் சிலர் தீவைவிட்டே போய்விட்டார்கள். மீந்தவர்கள் நிலத்தையும் பிள்ளைகளையும் சேர்ந்தே காத்தார்கள். 1892இல் இத்தாலியா என்ற கப்பல் இங்கே கரைதட்டியபோது, அதில் வந்த லவரெல்லோ, ரெப்பெட்டோ என்ற இரு மாலுமிகள் தீவிலேயே மணம் முடித்துத் தங்கினார்கள். இருவரும் கமோலி என்ற இத்தாலிய ஊர்க்காரர்கள். தீவின் மருத்துவமனைக்கு இன்றும் கமோலி என்றே பெயர்.

அன்றாட வாழ்க்கை எப்படி? ஊருக்கு மேற்கே சில கிலோமீட்டர் தூரத்தில், காற்றைத் தடுக்கக் கற்சுவர் எழுப்பிய சிறு சிறு உருளைக்கிழங்குப் பாத்திகள். பணமே புழங்காமல் நெடுங்காலம் வாழ்ந்த மக்களுக்கு உருளைக்கிழங்குதான் காசு. 1946இல் தயாரிக்கப்பட்ட ஓர் அஞ்சல்வில்லையில் ஒரு பென்னி என்பதோடு நான்கு உருளைக்கிழங்கு என்றும் விலை அச்சிட்டிருந்தார்கள். கடலில் சிங்கி இறால் பிடித்து ஏற்றுமதி செய்வது இப்போது முக்கிய வருமானம். கடல் அமைதியாக இருக்கும் காலையில் ஊரில் மணியோசை கேட்டால் அன்று மீன்பிடி நாள். மற்ற வேலைகளை நிறுத்திவிட்டுப் படகுக்குப் போவார்கள். நிலம் பொதுச்சொத்து, வெளியார் வாங்க முடியாது. மேய்ச்சல் நிலம் குறைவு என்பதால் ஒரு குடும்பம் இத்தனை கால்நடைதான் வைக்கலாம் என்று வரம்பு உண்டு. இங்கே புனித மரியா பெயரில் ஆங்கிலிக்கன் ஆலயமும் புனித சூசையப்பர் பெயரில் நம் கத்தோலிக்க ஆலயமும் இருக்கின்றன.

இனி நம் கேள்விக்கு வருவோம். 1961 ஆகஸ்டில் நிலம் நடுங்கத் தொடங்கியது. அக்டோபரில் ஊரை ஒட்டியே மண் பிளந்து எரிமலை வெளிப்பட்டது. 264 பேரும் உயிர்ச்சேதம் இல்லாமல் தப்பி, கேப் டவுன் வழியாக இங்கிலாந்து சென்றார்கள். கால்ஷாட் என்ற இடத்தில் வீடுகள் தரப்பட்டன. வேலை, சம்பளம், மின்விளக்கு, தொலைக்காட்சி, மருத்துவம் எல்லாம் கிடைத்தன. ஆனால் பழக்கமில்லாத குளிரும் நோயும் முதியவர்கள் சிலரின் உயிரைக் கொண்டுபோயின. இனி இவர்கள் இங்கேயே இருந்துவிடுவார்கள் என்று அதிகாரிகள் நினைத்தார்கள். மக்களோ போக வேண்டும் என்று கேட்டார்கள். 1962 டிசம்பரில் வாக்கெடுப்பு நடந்தது. திரும்பிப் போக 148 பேர், இங்கிலாந்தில் தங்க 5 பேர். மறு ஆண்டில் பெரும்பாலோர் தீவுக்குத் திரும்பிவிட்டார்கள். அவர்களது மீன் ஆலை எரிமலைக் குழம்பில் புதைந்து போயிருந்தது. புதிய படகுத்துறை கட்டி முடித்ததும், தங்களுக்கு அடைக்கலம் தந்த ஊரை நினைத்து அதற்கு கால்ஷாட் என்றே பெயர் வைத்தார்கள். நன்றி மறந்து போனவர்கள் அல்லர் அவர்கள்.

அப்படியானால் எதைத் தேடிப் போனார்கள்? இங்கிலாந்தில் அவர்களுக்கு எல்லாம் கொடுக்கப்பட்டது. ஆனால் அங்கே அவர்கள் இல்லாமலும் எல்லாம் நடக்கும். தீவிலோ ஒருவர் வராவிட்டால் படகைத் தள்ள ஒரு தோள் குறையும். ஒருவர் இறந்தால் ஊரே குறைந்துபோகும். ஒருவருக்கு மேல் ஒருவர் இல்லை என்று 1817இல் மூன்று பேர் எழுதினார்கள். ஒருவர் இல்லாமல் மற்றவர் இல்லை என்று அந்த ஊர் வாழ்ந்து கற்றுக்கொண்டது.

அங்கேயும் குறை இருக்கிறது. இளையோர் மேற்படிப்புக்குக் கடல் கடந்தே போக வேண்டும், மக்கள்தொகையும் குறைந்துவருகிறது. ஆனால் நம் நிலையையும் பார்ப்போம். நம் தெருவில் வீட்டுக்கு வீடு பத்தடி தூரம்தான். அடுத்த வீட்டு மூதாட்டிக்கு உடல்நலம் இல்லை என்பது நமக்கு எத்தனை நாள் கழித்துத் தெரிகிறது? நம் அன்பியக் கூட்டத்துக்கு ஒரு குடும்பம் மூன்று மாதம் வராவிட்டால், ஏன் வரவில்லை என்று போய்க் கேட்டது யார்? 2,400 கிலோமீட்டர் கடல் அவர்களைப் பிரித்துவிடவில்லை. நம்மைப் பத்தடி தூரம் பிரித்துவிடாமல் இருக்கட்டும். இந்த வாரம் அப்படி ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவோம்.