வாக்கிழந்தோரும் வாக்களியாதோரும்

'வாக்கு' என்பது பழைய சொல். பேச்சுக்கும் அதுவே பெயர். கொடுத்த உறுதிமொழிக்கும் அதுவே பெயர். மக்களாட்சி வந்தபோது, பெட்டியில் இடும் சீட்டுக்கும் தமிழர் அப்பெயரையே இட்டனர். வாக்களிப்பவன் பேசுகிறான் என்பதும், தன் நம்பிக்கையை ஒருவரிடம் ஒப்படைக்கிறான் என்பதும் அச்சொல்லிலேயே அடங்கியுள்ளன. ஆயினும், தேர்தல் நாளன்று வீட்டிலேயே இருந்துவிடும் சாதாரணக் குடிமகனிடம் காரணம் வினவினால், "என் ஒருவன் வாக்கால் என்ன ஆகிவிடப் போகிறது?" என்பான்; "எவர் ஆண்டாலும் நாம் உழைத்தால்தானே சோறு?" என்பான். இவ்விடைகளைச் சோம்பலின் குரல் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால், பல தேர்தல்களைக் கண்டு ஏமாந்த பட்டறிவும் அவற்றின் பின்னே உண்டு. ஆகவே அவற்றுக்குரிய மறுமொழியை அறிவுரையில் தேடாது வரலாற்றில் தேடுதலே தகும்.

வாக்குச் சீட்டு விழாத இடம் எண்ணிக்கையில் ஒன்றே போலத் தோன்றும். அவ்வெறுமைக்குப் பின்னே மூவகையினர் உளர்: வாக்கு மறுக்கப்பட்டோர், வாக்களிக்க மறுத்தோர், வாக்கை மறந்தோர். இலங்கைத் தமிழரின் வரலாறு இம்மூவகையினரையும் கண்டது. அவர்களுக்கு நேர்ந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால், வாக்கின் பெறுமதி யாதென்பது தானே விளங்கும்.

இலங்கையில் வாக்குரிமை ஒரு சிலரின் உடைமையாகவே தொடங்கியது. 1911இல் கற்ற இலங்கையருக்கென ஒரேயோர் ஆசனம் சட்டசபையில் ஒதுக்கப்பட்டபோது, நாடு முழுவதிலும் அதற்கு வாக்களிக்கும் தகுதி பெற்றிருந்தோர் சுமார் மூவாயிரவரே. அத்தேர்தலில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் வென்றார். 1920களில் சீர்திருத்தங்கள் வந்த பின்னரும் நூற்றுக்கு நால்வர் அளவிலேயே வாக்காளராக இருந்தனர். 1927இல் வந்த டொனமூர் ஆணைக்குழு அடுத்த ஆண்டு தன் அறிக்கையை வெளியிட்டு, வாக்குரிமையை விரிவாக்குமாறு பரிந்துரைத்தபோது, படித்த தலைவர்களுட் பலர் அதனை வரவேற்கவில்லை. இராமநாதனும் எதிர்த்தார். ஏ. ஈ. குணசிங்காவின் தொழிலாளர் இயக்கமும், 1927இல் அமைந்த பெண்கள் வாக்குரிமைச் சங்கமும் உரிமைக்காக நின்றன. இறுதியில் 1931இல், 21 வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை கிட்டியது. ஆசியாவில் சர்வசன வாக்குரிமையை முதலிற் பெற்ற நாடு இலங்கையே. இந்தியா அந்நிலையை எய்த மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. 1932இல் நேசம் சரவணமுத்து என்னும் பெண்மணி கொழும்பு வடக்கிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார்.

அந்த 1931ஆம் ஆண்டிலேயே வாக்களிக்க மறுத்தோரும் தோன்றினர். 1924இல் உருவான யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ், பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்று, சாதி வேற்றுமை ஒழிப்பும் முழுச் சுயராச்சியமும் வேண்டி நின்ற ஓர் இலட்சிய இயக்கம். டொனமூர் அரசியலமைப்பு சுயராச்சியம் தரவில்லை என்பதால், தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு அது அறைகூவல் விடுத்தது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்ய ஒருவரும் வரவில்லை. தென்னிலங்கையும் இவ்வழியைப் பின்பற்றும் என்ற எதிர்பார்ப்பு ஈடேறவில்லை. 1934இல் தேர்தல் நடக்கும் வரை மூன்றாண்டுகள் அந்நான்கு ஆசனங்களும் வெறுமையாய்க் கிடந்தன. சபையோ அவற்றுக்காகக் காத்திருக்கவில்லை. குழுக்களை அமைத்தது, அமைச்சர்களைத் தெரிந்தது, சட்டங்களை இயற்றியது. நோக்கத்தின் தூய்மையை எவரும் ஐயுறல் இயலாது. ஆயினும் தூய நோக்கத்தோடு விடப்பட்ட வெற்றிடமும் வெற்றிடமே என்பதை அம்மூன்றாண்டுகள் காட்டின.

இனி, மறுக்கப்பட்டோரின் வரலாறு. கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் உழைக்கத் தமிழகத்திலிருந்து வந்து மலையகத்தில் வேரூன்றிய மக்கள், 1940களின் நடுவில் நாட்டின் மக்கள் தொகையிற் பத்தில் ஒரு பங்கிற்கும் மேலாயினர். வசிப்பிடத் தகுதி பற்றிய கட்டுப்பாடுகளுக்கிடையிலும் அவர்களுட் பலர் வாக்காளராயினர். 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் அவர்களின் பிரதிநிதிகள் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். அவர்களுள் ஒருவர் தலவாக்கலைத் தொகுதியின் சி. வி. வேலுப்பிள்ளை. தேயிலைத் தோட்டத்து வாழ்வை ஆங்கிலக் கவிதையிற் பாடியவரும், மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் திரட்டியவரும் அவரே. பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடப்படும்போது மட்டுமே கணக்கில் வந்த ஒரு சமூகம், அன்று ஒரு கவிஞனைச் சட்டமியற்றும் அவைக்கு அனுப்பியது. வேறு பல தொகுதிகளில் இடதுசாரி வேட்பாளரின் வெற்றிக்கும் தோட்ட மக்களின் வாக்குத் துணைநின்றது.

அவ்வெற்றியே அவர்களுக்குப் பகையாயிற்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்தவராயினும் தந்தையோ, பாட்டனும் பூட்டனுமோ இந்நாட்டிலேயே பிறந்தவர் என நிறுவுமாறு கேட்டது. லயத்து அறைகளிற் பிறந்து வளர்ந்தோரிடம் அத்தகைய சான்றிதழ்கள் ஏது? 1949இல் இந்திய, பாக்கிஸ்தானிய வதிவோர் சட்டம் வந்தது. அதே ஆண்டில், பிரசைகளே வாக்களிக்கலாம் எனத் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டது. விண்ணப்பிப்பதைப் புறக்கணிக்க முதலில் முடிவு செய்த இலங்கை இந்தியன் காங்கிரஸ், பின்னர் அதனை மாற்றிக்கொண்டது. 1951 ஆகஸ்டில் முடிந்த காலவரையறைக்குள் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் மனுக்கள் குவிந்தன. இறுதியில் பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. 1952இல் இக்கொடுமையை எதிர்த்துக் காங்கிரஸ் கொழும்பிலே சத்தியாக்கிரகம் நடத்தியது. எனினும் அவ்வாண்டுத் தேர்தலில் அச்சமூகத்திலிருந்து ஒருவரேனும் தெரிவாகவில்லை. இடாப்பிலிருந்து பெயர் நீங்கியபோதே பாராளுமன்றத்திலிருந்து குரலும் நீங்கியது.

வடபுலத்துத் தமிழர் இதனை எவ்வாறு நோக்கினர் என்பதும் இவ்விடத்து எண்ணத்தக்கது. மலையக மக்களின் உரிமைப் பறிப்பை எதிர்த்துத் தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்த எஸ். ஜே. வி. செல்வநாயகம், 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியை நிறுவினார். 1952இல் காங்கேசன்துறையில் அவர் தோற்றார். யாருக்காகப் பேசினாரோ அவர்களிடம் வாக்கில்லை. வாக்குடையோர் அவரை அன்று தெரிந்தெடுக்கவில்லை. பிறர் இழந்த வாக்கைத் தம் இழப்பாகக் கருதும் மனநிலை எளிதில் வாய்ப்பதன்று என்பதற்கு இது சான்று.

வாக்கற்ற மக்களுக்கு நேர்வது யாது என்பதை 1964 அக்டோபர் 30 காட்டியது. அன்று சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தத்தில், 9 இலட்சத்து 75 ஆயிரம் மனிதர் எண்களாயினர். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு. 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேர் பின்னர் பேசித் தீர்ப்பதற்கு. அப்பின்னர் என்பது 1974இல் வந்தது. அவர்களும் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். தாம் எந்த நாட்டில் வாழ விரும்புகின்றனர் என அம்மக்களிடம் வாக்கெடுப்பு நடத்துவது குறித்து இரு அரசுகளும் எண்ணவில்லை. வாக்குடைய மக்களைக் குறித்து இவ்வாறு பேரம் பேச எந்த அரசும் துணிந்திராது. தலைமன்னாரில் கப்பலேறியோரும், தோட்டத்தில் எஞ்சிப் பிரிந்த உறவினரும், இந்த வாக்கின்மையின் விலையைச் செலுத்தியவர்களே.

இழந்ததை மீட்க இரண்டு தலைமுறைகள் சென்றன. 1977இல் நுவரெலியா-மஸ்கெலியாத் தொகுதியின் மூன்று உறுப்பினருள் ஒருவராக எஸ். தொண்டமான் தெரிவானார். 1988ஆம் ஆண்டுச் சட்டமும், எஞ்சியிருந்த நாடற்றோருக்கான 2003ஆம் ஆண்டுச் சட்டமும் நிறைவேறிய பின்னரே அத்துயர அத்தியாயம் முடிவை நெருங்கியது. ஒரு நாளில் எடுக்கப்பட்ட வாக்கைத் திருப்பிப் பெற அரை நூற்றாண்டுக்கு மேல் வேண்டியிருந்தது.

மறுத்தல் மீண்டும் ஒருமுறை, அச்சத்தின் நிழலில் நிகழ்ந்தது. 2005 நவம்பர் 17ஆம் நாள் நடந்த சனாதிபதித் தேர்தலில், விடுதலைப் புலிகளின் புறக்கணிப்பு நிலைப்பாட்டின் விளைவாக, யாழ்ப்பாண மாவட்டத்தின் ஏறத்தாழ 7 இலட்சம் வாக்காளருள் வாக்களித்தோர் 1.21 விழுக்காட்டினரே. மகிந்த ராஜபக்ச ரணில் விக்கிரமசிங்கவை வென்றது 1,80,786 வாக்குகளால். வராதோர் வந்திருப்பின் எவருக்கு வாக்களித்திருப்பர் என்று இன்று தீர்ப்புரைத்தல் பொருந்தாது. ஆனால் அடுத்த நான்காண்டுகளில் எவர் தலைமீது போர் இறங்கியதோ, அவர்கள் அத்தெரிவிற் பங்குகொள்ளவில்லை என்பது வரலாறு.

இவற்றோடு ஒப்பிட்டு நோக்கினால் மூன்றாம் வகையினரின் நிலை தெளிவாகும். 2019 சனாதிபதித் தேர்தலில் இலங்கை வாக்காளருள் 83.72 விழுக்காட்டினர் வாக்களித்தனர். 2024 செப்டெம்பரில் அது 79.46 ஆயிற்று; அதே ஆண்டு நவம்பரில் நடந்த பொதுத்தேர்தலில் 68.93 ஆகச் சுருங்கியது. 2023 மார்ச்சில் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல் நிதியில்லை என்ற காரணத்தால் தள்ளிப்போனபோது, மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டதென 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாறு வழக்காடிப் பெற்ற தேர்தல் 2025 மே மாதம் நடந்தபோது, வாக்காளருள் மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்பட்டோர் சாவடிப் பக்கம் வரவில்லை. அவர்களை எவரும் இடாப்பிலிருந்து நீக்கவில்லை. எந்த இயக்கமும் பகிஷ்கரிக்குமாறு அழைக்கவில்லை.

சாதாரணக் குடிமகனின் வினா இன்னும் நிற்கிறது. வாக்கால் எல்லாம் ஆகிவிடுமா? ஆகாது. 1947இல் மலையகம் எழுவரை அனுப்பியது. அவ்வெழுவரால் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தடுக்க முடியவில்லை. வாக்குத் திரும்பிய பின்னரும் லயங்கள் மறைந்துவிடவில்லை. குடியிருக்கும் நிலத்துக்கு உரிமை கேட்கும் குரலும் ஓயவில்லை. தேர்தல் ஒன்றே விடுதலை எனக் கூறுவோர் இம்மக்களின் முன்னே நின்று கூற வேண்டும்.

ஆனால் மறுபக்கமும் உண்டு. வாக்கு பயனற்ற சீட்டெனில், அதனைப் பறிப்பதற்கு ஓர் அரசு அடுத்தடுத்துச் சட்டங்களை இயற்றியிருக்க வேண்டியதில்லை. தோட்டத் தொழிலாளியின் வாக்கின் வலிமையை அத்தொழிலாளியைக் காட்டிலும் நன்கறிந்திருந்தோர், அதனைப் பறித்தவர்களே. "என் ஒருவன் வாக்கால் என்ன ஆகும்?" என்ற வினாவுக்கு 1949ஆம் ஆண்டுச் சட்டமே விடை பகர்கிறது.

மறுத்தோருக்கு ஒரு கொள்கை இருந்தது. மறுக்கப்பட்டோருக்கு ஒரு முறையீடு இருந்தது. மறந்தோருக்கோ இரண்டும் இல்லை. எண்ணும் அதிகாரியின் மேசையில் கோபத்தால் வராதவனும் களைப்பால் வராதவனும் வேறாகத் தெரிவதில்லை. கோபம் உடையவன் அதனைப் பதிவு செய்யவும், களைப்புற்றவன் அதற்குக் காரணமானோரை மாற்றவும் கையிலுள்ள கருவி அவ்வொரு சீட்டே. சொல்லை ஆள்வோர் இதனை எளிதில் உணர்வர்: சொல்லாது விடப்பட்ட சொல்லின் இடத்தில் பிறர் தம் சொல்லை எழுதிக்கொள்வர். மலையகத்து முதியோர் பலர் தம் இளமை முழுவதும் இல்லாதிருந்த ஓர் உரிமையை முதுமையிற் பெற்று, வரிசையில் நின்று விரலில் மை பூசிக்கொண்டனர். அவ்வரிசையில் நிற்பதற்கு அவர்கள் காத்திருந்த காலத்தை அறிந்தோர், தேர்தல் நாளை ஒரு விடுமுறை நாளாக மட்டும் கருத மாட்டார்கள்.