கசப்பை மிதித்தெடுத்தவர்கள்

கினோவா மணியைச் சுற்றிச் சப்போனின் என்ற கசப்புப் படலம் உண்டு. தண்ணீரில் போட்டுத் தேய்த்தால் நுரை பொங்கும். பறவைகளிடமிருந்து கதிரைக் காப்பது இந்தக் கசப்பு; நம்மை வாயில் வைக்கவிடாமல் செய்வதும் இதுதான். பலரும் ஆண்டீஸ் மலைநாட்டை ஆண்ட இன்கா அரசர்களிடமிருந்து கினோவாவின் கதையைத் தொடங்குகிறார்கள். எனக்கோ, இந்தக் கசப்பை நீக்கிய பெண்களிடமிருந்து தொடங்குவதே நியாயமாகப் படுகிறது.

பொலிவியாவில் உயுனி உப்புப் படுகையைச் சுற்றியுள்ள மேட்டுநிலம் கடல்மட்டத்துக்கு 3,600 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. உறைபனியும் வறட்சியும் உப்பு மண்ணுமான அந்தப் பூமியில் கினோவா விளைகிறது. அறுத்தடித்த மணியைப் பெண்கள் வறுத்து, வெள்ளைக் களிமண் கலந்து, கல்தொட்டியில் கொட்டி, வெறுங்காலால் மிதிப்பார்கள். சூடு ஆறுமுன் மிதிக்க வேண்டும். பிறகு காற்றில் தூற்றி, பல தண்ணீரில் அலசி, வெயிலில் உலர்த்துவார்கள். இயந்திரம் வரும்வரை ஒவ்வொரு வீட்டுச் சாப்பாட்டுக்கும் இந்தப் பாடுதான்.

இன்கா தாய்க்கும் ஸ்பானியத் தந்தைக்கும் குஸ்கோவில் பிறந்த கார்சிலாசோ டி லா வேகா, 1609-இல் வெளியான தம் நூலில் கினோவாவைப் பற்றி எழுதியிருக்கிறார். ஸ்பெயினில் வாழ்ந்த அவர் ஊரிலிருந்து விதை வரவழைத்தார். வந்து சேர்ந்தபோது அது முளைக்கும் திறனை இழந்திருந்தது. இளம் இலையைச் சமைத்து உண்பதையும் குறித்திருக்கிறார். நம் சக்கரவர்த்திக் கீரை இதே பேரினத்தைச் சேர்ந்த செடி என்பதால், அந்த ருசியை என்னால் ஊகிக்க முடிகிறது.

ஸ்பானியர் கொண்டுவந்த கோதுமைக்கும் பார்லிக்கும் கிடைத்த மதிப்பு கினோவாவுக்குக் கிடைக்கவில்லை. மலைவாழ் ஏழைகளின் உணவு என்று நகரவாசிகள் ஒதுக்கினார்கள். ஆனால் 1993-இல் நாசா ஆய்வாளர்கள் விண்வெளிப் பயணத்துக்கு ஏற்ற பயிராக இதைப் பரிந்துரைத்தார்கள். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர், பொலிவிய வகை ஒன்றிலிருந்து கலப்பின விதை உருவாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். பொலிவிய மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிக் காத்த விதை அது. பொலிவிய விவசாயிகளின் கூட்டமைப்பு விடாமல் எதிர்த்தது. 1998-இல் அந்தக் காப்புரிமை கைவிடப்பட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் மனம் நிறைகிறது. 2013-ஐ ஐ.நா. கினோவா ஆண்டாக அறிவித்ததைவிட எனக்கு இது பெரிய செய்தி.

சத்தைப் பற்றி: 100 கிராம் உலர்ந்த மணியில் சுமார் 14 கிராம் புரதமும் 7 கிராம் நார்ச்சத்தும் உள்ளன. அரிசியிலும் கோதுமையிலும் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் இதில் தாராளம். ஆனால் இதைச் சர்க்கரை நோய்க்கு மருந்தென்று விற்பதை நான் ஏற்கமாட்டேன். அதே 100 கிராமில் 64 கிராம் மாவுச்சத்தும் இருக்கிறது.

நுரை அடங்கும்வரை அலசி, ஒன்றுக்கு இரண்டு தண்ணீர் வைத்தால் கால்மணி நேரத்தில் வெந்து, முளைக்கரு வெள்ளை வால்போலப் பிரியும். ஆண்டீஸ் வீடுகளில் அதைக் குழைய வேகவைத்துப் பாலும் பாலாடைக்கட்டியும் சேர்த்தால் 'பெஸ்கே'. உருளைக்கிழங்கோடு கொதித்தால் சூப். மாவாக்கிப் பிசைந்து, விரல் தடம் பதியப் பிடித்து, ஆவியில் வேகவைத்தால் 'கிஸ்பிஞா'. நம் பிடிகொழுக்கட்டையேதான். கிஸ்பிஞா சீக்கிரம் கெடாது என்பதால், நெடும்பயணம் கிளம்புகிறவர்களுக்கு அதையே கட்டிக்கொடுப்பார்கள்.