கரண்ட் எங்கே நிற்கிறது? – பரணில் கிடக்கும் லேப்டாப்பின் கதை

2011-க்குப் பிறகு பிளஸ் டூ படித்த பிள்ளைகள் உள்ள வீடுகளில், விழுப்புரமானாலும் திண்டிவனமானாலும், ஒரு லேப்டாப் பை இன்னும் இருக்கும். பீரோ மேலேயோ பரணிலேயோ கிடக்கும். உள்ளே அரசாங்கம் கொடுத்த லேப்டாப். கேட்டால், "அது செத்துப் போச்சு சார், சார்ஜே ஏற மாட்டேங்குது" என்பார்கள். பழைய இரும்புக்காரர் வந்தால் எடைக்குப் போட்டுவிடலாம் என்று வைத்திருப்பார்கள்.

நான் மின்சார வேலையிலேயே காலம் தள்ளியவன். அதனால் தெரிந்தவர்கள் இதையும் என்னிடம் கொண்டு வந்து காட்டுவதுண்டு. அப்படிப் பார்த்ததில் எனக்குப் பட்டது இதுதான். செத்துப் போனதாகச் சொல்லப்படும் லேப்டாப்புகளில் பல உண்மையில் சாகவில்லை. கரண்ட் வரும் வழியில் எங்கோ ஓரிடத்தில் நின்றிருக்கிறது, அவ்வளவுதான். அது ஏன் நின்றது என்று யோசித்தால் நம் பக்கத்து வரலாறும் கொஞ்சம் சேர்ந்தே வருகிறது.

முதலில் ஒரு பழைய கதை. எடுத்துக்கொண்டு போகக்கூடிய கம்ப்யூட்டரை முதன்முதலில் பெரிய அளவில் விற்றுக் காட்டியவர் ஆடம் ஆஸ்பார்ன். அவர் வளர்ந்தது நமக்குப் பக்கத்தில், திருவண்ணாமலையில்! ரமண மகரிஷியின் அடியவரும் எழுத்தாளருமான ஆர்தர் ஆஸ்பார்னின் மகன் அவர். 1939-ல் பாங்காக்கில் பிறந்து, சிறு வயதை அருணாசலத்தின் அடிவாரத்தில் கழித்தவர். 1981-ல் அமெரிக்காவில் 'ஆஸ்பார்ன் 1' என்ற கம்ப்யூட்டரை வெளியிட்டார். எடை சுமார் 11 கிலோ. திரை 5 அங்குலம். தையல் மெஷின் பெட்டி மாதிரி கைப்பிடியோடு இருக்கும். நன்றாக விற்றது, ஆனாலும் 1983-லேயே கம்பெனி திவாலாகிவிட்டது. கடைசிக் காலத்தில் நோயுற்று இந்தியாவுக்கே திரும்பி வந்து, 2003-ல் கொடைக்கானலில் காலமானார்.

அந்தக் கம்ப்யூட்டருக்குள் பேட்டரி கிடையாது. எங்கே தூக்கிப் போனாலும் சுவரில் பிளக் இருந்தால்தான் ஓடும். மடியில் வைத்து வேலை செய்யும் லேப்டாப் வர வேண்டுமானால் நல்ல பேட்டரி வர வேண்டியிருந்தது.

ஆரம்பத்தில் நிக்கல்-காட்மியம் பேட்டரி போட்டார்கள். கார்ட்லெஸ் போன், ஷேவர் எல்லாவற்றிலும் அப்போது இதுதான். பாதியில் சார்ஜ் போட்டுப் பழக்கினால் முழுக் கொள்ளளவையும் காட்டாமல் சோர்ந்து போகும் குணம் இதற்கு உண்டு என்று சொல்வார்கள். அதனால் "முழுக்கத் தீர்த்துவிட்டு அப்புறம் சார்ஜ் போடு" என்ற அறிவுரை வந்தது. நம் வயதுக்காரர்கள் பலர் அதை இன்றைக்கும் பேரன் பேத்திகளுக்குச் சொல்கிறோம்.

1991-ல் ஜப்பானின் சோனி நிறுவனம் லித்தியம்-அயான் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதற்கு வழி செய்த குடினஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய லேப்டாப், செல்போன் எல்லாவற்றிலும் இந்த வகைதான். இதற்கு அந்தப் பழைய அறிவுரை நேர் எதிர். முழுக்கத் தீர்ந்த நிலையில் மாதக்கணக்கில் கிடப்பதுதான் இதற்கு ஆகவே ஆகாது. ஒரு செல் நிறைந்திருக்கும்போது 4.2 வோல்ட் காட்டும். 2.5 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிட்டால் உள்ளே கெடுதல் தொடங்கும். அப்படிக் கெட்ட செல்லில் திரும்பச் சார்ஜ் ஏற்றுவது ஆபத்து என்பதால், பேட்டரிக்குள்ளேயே இருக்கும் சிறு சர்க்யூட் வழியை அடைத்துவிடும். சார்ஜர் போட்டாலும் வாங்காது. நாம் "செத்துப் போச்சு" என்கிறோம்.

இனி நம் ஊருக்கு வருவோம். விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில், அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் டூ மாணவர்களுக்கும், கலைக் கல்லூரி, பொறியியல், பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் கொடுத்தார்கள். எல்காட் நிறுவனம் டெண்டர் விட்டு வாங்கியது. மொத்தத்தில் 50 லட்சத்துக்கும் மேல் கொடுத்தார்கள். கள்ளக்குறிச்சி பிரியாத அன்றைய விழுப்புரம் மாவட்டம் மிகப் பெரியது. கூலி வேலைக்குப் போகும் வீட்டில் முதன்முதலாக ஒரு கம்ப்யூட்டர் நுழைந்தது அப்போதுதான்.

அது நுழைந்த நேரம் எப்படிப்பட்டது? 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. நம் பக்கமும் போஸ்ட் கம்பங்கள் சாய்ந்து, பல கிராமங்கள் நாள் கணக்கில் இருட்டில் கிடந்தன. அதைச் சரி செய்து முடிப்பதற்குள் 2012-ன் மின்வெட்டு. மாநிலம் முழுக்கச் சுமார் 4,000 மெகாவாட் பற்றாக்குறை. சென்னைக்கு 2 மணி நேர வெட்டு என்றால் நமக்கு 10 மணி, 12 மணி, சில நாள் அதற்கும் மேலே. வடக்கே மின்சாரம் இருந்தாலும் கொண்டு வரப் போதுமான லைன் இல்லை. 2013 டிசம்பர் 31-ம் தேதி ரெய்ச்சூர்-சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் இணைந்த பிறகுதான் தென்னகம் நாட்டின் ஒரே மின்தொகுப்போடு சேர்ந்தது.

அந்த இரண்டு வருடம் பிள்ளைகள் லேப்டாப்பைப் பேட்டரியில்தான் ஓட்டினார்கள். ராத்திரி அந்தத் திரை வெளிச்சத்தில் படித்த பிள்ளைகளும் உண்டு. தினமும் கடைசிச் சொட்டு வரை தீர்ப்பது, கரண்ட் வந்ததும் ஏற்றுவது, மறுபடி தீர்ப்பது. கரண்ட் வரும்போதும் வோல்டேஜ் ஒரே சீராக இருக்காது. நியூட்ரல் அறுந்த தெருவில் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400-ஐ நெருங்கும். அடாப்டர் 100 முதல் 240 வரைதான் தாங்கும். மரக்காணம் பக்கம் உப்புக் காற்றில் சார்ஜர் பின் பச்சைப் பிடித்துப் போகும். பிறகு படிப்பு முடிந்தது, செல்போன் வந்தது. தீர்ந்த பேட்டரியோடு லேப்டாப்பைப் பைக்குள் வைத்து மூடினார்கள். மூன்று வருடம் கழித்துத் திறந்தால் விளக்கு எரியாது. அதைத் தயாரித்தவர் மேலும் குற்றமில்லை, வைத்திருந்த பிள்ளை மேலும் குற்றமில்லை.

சரி, இப்போது என்ன செய்யலாம்? தெருவில் கரண்ட் இல்லையென்றால் லைன்மேன் என்ன செய்வார்? டிரான்ஸ்ஃபார்மரில் தொடங்கி, கம்பம், சர்வீஸ் ஒயர், மீட்டர், ஃபியூஸ் என்று ஒவ்வொன்றாக வருவார். அதே வரிசைதான் இங்கேயும்.

ஒன்று, பிளக் பாயிண்ட். அதே பாயிண்டில் செல்போன் சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியை நம்பாமல் சுவரிலேயே போடுங்கள்.

இரண்டு, அடாப்டர். சுவரிலிருந்து அடாப்டருக்கு வரும் ஒயர் தனியாகக் கழலும். அது மட்டும் பழுதாகியிருப்பதும் உண்டு. மறுமுனையில் 19 அல்லது 20 வோல்ட் டி.சி. வர வேண்டும். எவ்வளவு என்பது அடாப்டர் மேலேயே அச்சாகியிருக்கும். மல்டிமீட்டர் வைத்திருக்கும் எந்த எலக்ட்ரீஷியனும் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார். வேறு அடாப்டர் போடுவதானால் வோல்ட்டும் பின்னும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆம்பியர் கூட இருக்கலாம், குறையக் கூடாது.

மூன்று, பேட்டரி. அந்தக் காலத்து மாடல்கள் பலவற்றில் அடியில் இருக்கும் தாழ்ப்பாளைத் தள்ளினால் பேட்டரி தனியே வந்துவிடும். கழற்றுங்கள். சார்ஜரையும் பிடுங்கிவிட்டுப் பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பிறகு பேட்டரி இல்லாமல் சார்ஜரை மட்டும் போட்டு ஆன் செய்யுங்கள். பரணில் கிடந்தவற்றில் சில இந்த இடத்திலேயே உயிர் பெற்றதை நான் பார்த்திருக்கிறேன். பேட்டரி ஊதியிருந்தால் மட்டும் கிட்டேயே போகாதீர்கள். அழுத்தவோ குத்தவோ சார்ஜ் போடவோ கூடாது.

நான்கு, விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் கரண்ட் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். ராம் அட்டையைக் கழற்றித் துடைத்துப் போட்டாலே சரியாவதுண்டு. இதற்கு மேல் கடைக்காரர் வேலை.

இதற்கு நான் ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறேன் என்று கேட்கலாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் இடையே பாலத்தில் வெள்ளம் ஏறி ரயில்கள் நின்றன. வீடுகளில் புகுந்த தண்ணீரில் சர்டிபிகேட், ஆல்பம், பத்திரம் எல்லாம் ஊறிப் போயின. அப்படி ஆல்பத்தை இழந்த ஒரு வீட்டில், பரணில் நனையாமல் தப்பிய பழைய லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து இறந்துபோன தகப்பனாரின் படங்களை எடுத்தார்கள். அந்த லேப்டாப் அதுவரை எடைக்குப் போடக் காத்திருந்ததுதான்.

ஆகவே போர்டே எரிந்து போனாலும் டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீர்கள். இரண்டு திருகைக் கழற்றினால் வெளியே வந்துவிடும். சிறிய யூ.எஸ்.பி. உறையில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் செருகினால், டிஸ்க் கெடாத வரை, உள்ளே உள்ளதைப் படிக்கலாம். வெள்ளத்தில் நனைந்த லேப்டாப்பாக இருந்தால் ஆன் செய்து பார்க்கவே கூடாது, நேரே தெரிந்தவரிடம் கொடுங்கள்.

2025-26 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்களுக்கு மறுபடியும் லேப்டாப் கொடுப்பதாக அறிவித்தார்கள். உங்கள் பேரப்பிள்ளைக்குக் கிடைத்தால் ஒன்றைச் சொல்லுங்கள். படிப்பு முடிந்து எடுத்து வைக்கும்போது பாதி சார்ஜோடு, சூடில்லாத இடத்தில் வைக்க வேண்டும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்து ஆன் செய்து, குறைந்திருந்தால் பாதி வரை ஏற்றி வைக்க வேண்டும்.